காந்தமா, இல்லையா? – ஒரு புதிய வகுப்பும் அதன் சோதனையும்

வளைகுடாவின் உலோகப் பட்டறைகளில் ஒரு சோதனை உண்டு. கறள் பிடிக்காத உருக்கு என்று வந்திறங்கும் தகட்டில் சிறு காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் 'நல்ல சாமான்'. சார்ஜாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் இதுவே வழக்கம். ஆனால் 304 ரக உருக்கைச் சூடாக்காமல் வளைத்தால், வளைவில் பளிங்கமைப்பு மாறிக் காந்தம் சற்று ஒட்டும். சாமான் போலியல்ல, சோதனை பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. பௌதிகவியலில் அண்மைக்காலமாக நடந்துவரும் ஒரு விவாதத்தின் மையமும் இதுவே.

அயக்காந்தத்தில் அணுக்காந்தங்கள் ஒரே திசையில் நிற்கும். எதிர் அயக்காந்தத்தில் அவை மாறி மாறி எதிர்த்திசையில் நின்று ஒன்றையொன்று அழித்துவிடும். 1930களில் லூயி நீல் வளர்த்தெடுத்த இக்கருத்து, 1949இல் மங்கனீசு ஒட்சைட்டில் செய்த நியூத்திரன் பரிசோதனையாலேயே நேரடியாக நிறுவப்பட்டது. 2022இல் ஸ்மெய்க்கால், சினோவா, யுங்விர்த் ஆகியோர் மூன்றாவது வகுப்பொன்றை வரையறுத்தனர்: ஆல்ட்டர்காந்தம். இதிலும் மொத்தக் காந்தம் பூச்சியம். ஆனால் எதிரெதிராக நிற்கும் அணுக்களின் சுற்றாடல்கள் ஒன்றுக்கொன்று திருப்பி வைக்கப்பட்டவை. அதனால் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இலத்திரன்களின் சக்திமட்டங்கள் பிரிகின்றன. எது மேல், எது கீழ் என்பது இலத்திரன் செல்லும் திசையோடு மாறுகின்றது.

காந்தத்தன்மை பளிங்கின் திசையோடு மாறுவதை, வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1930களின் தொடக்கத்தில் டாக்காவில், பளிங்கை மெல்லிய இழையில் தொங்கவிட்டு அளந்தார். புதிய வகுப்பை இனங்காண அவ்வாறான வெளி அளவீடு போதாது. இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியே விடை வேண்டும். அணுக்காந்தங்கள் உண்மையில் ஒழுங்காக நிற்கின்றனவா? நிற்கின்றன எனில், சக்திமட்டங்கள் பிரிகின்றனவா?

மங்கனீசு தெலூரைட்டில் முதற் கேள்விக்கு விடை முன்னரே இருந்தது. 2024இல், ஒளியால் இலத்திரன்களை வெளியேற்றி அவற்றின் சக்தியையும் திசையையும் அளந்து, இரண்டாவதற்கும் 'ஆம்' என்று காட்டினர்.

ரூத்தேனியம் ஈரொட்சைட்டின் கதை வேறு. 2017இல் ஒரு நியூத்திரன் ஆய்வு அதில் மிகச் சிறிய காந்த ஒழுங்கு இருப்பதாகக் கூறியது. அதனை நம்பியே கோட்பாட்டாளர் இப்பொருளைப் புதிய வகுப்பின் முதன்மை உதாரணமாக்கினர். மின்னோட்ட அளவீடுகள் பலவும் அந்த நம்பிக்கையிலேயே விளக்கப்பட்டன. 2024இல் இரு குழுக்கள் மியூவோன் துகள்களை அதனுள் செலுத்தின. சராசரி 2.2 மைக்ரோ செக்கனில் சிதையும் இத்துகள், உள்ளே சிறு காந்தப்புலம் இருந்தாலும் சுழன்று, சிதையும்போது அதனைக் காட்டிக்கொடுக்கும். அப்படியொரு சுழற்சி தென்படவில்லை. ஒழுங்கு இருந்தாலும் அது அணுக்காந்த அலகில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு என்பதே முடிவு. பழைய நியூத்திரன் சமிக்ஞை, பளிங்கினுள் பலமுறை சிதறியதால் தோன்றியிருக்கலாம் என்று அக்குழுக்களில் ஒன்று காட்டியது. மென்படலங்கள் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதனால் வகுப்பு பொய்யாகிவிடவில்லை. வரையறை சமச்சீர்மையிலிருந்து பிறந்தது; அது நிற்கின்றது. விழுந்தது ஓர் அங்கத்தவரின் உரிமைகோரல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள், ஓர் உதாரணம் தவறியதும் கோட்பாட்டையே தூக்கியெறிவார்கள்; அல்லது கோட்பாட்டைக் காப்பதற்காக உதாரணத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வார்கள். 2024இன் மியூவோன் ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் செய்யவில்லை. எல்லோரும் இரண்டாவது கேள்வியில் நின்றபோது, அவர்கள் முதற் கேள்விக்குத் திரும்பிப் போனார்கள்.