ஐரிஷ் மொழி வளர்ச்சியில் இருமொழிப் பெயர்ப்பலகைகளும் பொருள் விவரச்சீட்டுகளும்

முன்னுரை

அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் ஐரிஷை நாட்டு மொழியாகவும் முதல் அலுவல் மொழியாகவும் ஏற்கிறது. ஆங்கிலம் இரண்டாம் அலுவல் மொழியே. நடைமுறையோ இதற்கு நேர்மாறானது. 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 18,73,997 பேர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். கல்விக்கூடத்துக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோர் 71,968 பேர் மட்டுமே. கற்ற மொழிக்கும் வழங்கும் மொழிக்கும் உள்ள இவ்விடைவெளியைக் குறைப்பதில் பெயர்ப்பலகையும் பொருள் விவரச்சீட்டும் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்ப்பலகைகள்

2003ஆம் ஆண்டு அலுவல் மொழிகள் சட்டத்தின்கீழ் 2008இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, பொது அமைப்புகள் நிறுவும் பலகைகள் ஐரிஷில் மட்டுமோ இரு மொழிகளிலுமோ அமைதல் வேண்டும். இருமொழிப் பலகையில் ஐரிஷ் முதலில் இடம்பெற வேண்டும். அதன் எழுத்து ஆங்கில எழுத்தினும் சிறியதாக இருத்தல் கூடாது. சாலை வழிகாட்டிப் பலகைகளில் ஐரிஷ்ப் பெயர் மேலே சாய்வெழுத்திலும், ஆங்கிலப் பெயர் கீழே முகப்பெழுத்துகளிலும் பொறிக்கப்படுகின்றன.

பொதுவெளி எழுத்துகளுக்குச் செய்தி உணர்த்தும் பணி, குறியீட்டுப் பணி என இரு பணிகள் உண்டென லாண்ட்ரி, பூர்ஹிஸ் ஆகியோர் 1997இல் வகுத்துரைத்தனர். இருமொழிப் பலகையில் உள்ள ஐரிஷ் பெரும்பாலும் குறியீட்டுப் பணியையே ஆற்றுகிறது. அருகிலேயே ஆங்கிலம் இருப்பதால் ஐரிஷைப் படித்தறியும் தேவை எழுவதில்லை. கழிப்பறைக் கதவில் ஐரிஷ் மட்டும் எழுதப்பட்டிருக்கும் இடங்களில் நிலைமை வேறு. 'ஃபிர்' என்பது ஆண்களையும், 'ம்னா' என்பது பெண்களையும் குறிக்கும். ஆங்கில முதலெழுத்துப் பழக்கத்தால் வெளிநாட்டார் கதவு மாறிச் செல்வதுண்டு. அயர்லாந்தில் வளர்ந்தவர் மயங்குவதில்லை. தேவை ஏற்படுமிடத்தில் சொல் மனத்தில் பதிகிறது.

பொருள் விவரச்சீட்டுகள்

மேற்கண்ட விதிகள் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. உணவுப் பொருள்களின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். ஐரிஷைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எனவே விவரச்சீட்டில் ஐரிஷ் இடம்பெறுவது உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிறது.

இந்நிலையின் வரம்பை ஒரு வழக்கு உணர்த்துகிறது. கால்நடை மருந்துகளின் விவரங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதை எதிர்த்து, நாய் வளர்க்கும் ஐரிஷ் மொழியாளர் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். அப்போதைய ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையின்படி இரு அலுவல் மொழிகளும் இடம்பெற்றிருக்க வேண்டும் என அயர்லாந்து உயர் நீதிமன்றம் கண்டது. ஆயினும் புதிய ஒழுங்குமுறை விரைவில் நடைமுறைக்கு வரவிருந்ததால், தீர்வு வழங்குவதால் பயன் உண்டா என்னும் ஐயம் எழுந்தது. தீர்வை மறுக்க இயலாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 மார்ச் 17இல் தீர்ப்பளித்தது. 2022 சனவரி 28 முதல் நடைமுறைக்கு வந்த அப்புதிய ஒழுங்குமுறையோ இரு மொழிகளுள் ஒன்று போதும் என்கிறது. வழக்காடியவர் வென்றார், அவர் கோரிய விவரச்சீட்டுக்கான சட்டக் கட்டாயம் ஓராண்டுக்குள் நீங்கியது.

முடிவுரை

பெயர்ப்பலகை ஐரிஷுக்குப் பொதுவெளியில் மதிப்பைத் தந்துள்ளது. அம்மதிப்பு பயன்பாடாக மாறுவதற்குப் பலகை மட்டும் போதாது. பால், ரொட்டி, உப்பு முதலிய அன்றாடப் பொருள்களில் பள்ளியில் கற்ற எளிய சொற்கள் மீண்டும் மீண்டும் கண்ணில் படுமாயின், மறந்த மொழி நினைவுக்கு வர வாய்ப்புண்டு. மருந்துப் பெட்டியில் அளவையும் எச்சரிக்கையையும் தம் மொழியில் படிக்க விரும்புவோருக்கு அஃது உரிமைச் சிக்கலும் ஆகும். ஆகவே ஐரிஷ் எத்தனை பலகைகளில் உள்ளது என்பதோடு, எவ்விடத்தில் அது படிக்கப்படுகிறது என்பதையும் மொழித் திட்டமிடல் கருத்திற்கொள்ள வேண்டும்.