கோழிக் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்!

"ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

என் சம்சாரம் கொத்தவரங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"தரையில உட்கார்ந்தா எந்திரிக்கறதுக்குச் சுவத்தைப் பிடிக்கிறீங்க. அந்தக் கார்ல உட்கார்ந்தா யாரு தூக்கி விடறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் ரிடையரான மனுஷனிடம் நியாயம் எடுபடுமா? சேலத்தில் ஒரு பேங்கில் 34 வருஷம் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்கள் கார் வாங்க லோன் பேப்பரில் கையெழுத்துப் போட்டவன் நான். கை ஒரு ஸ்பேனரைப் பிடிக்க ஏங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீஸ் பூசிக்கொண்டு, நானே பிரித்து நானே மாட்டி, ஒருநாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டும். அவ்வளவுதான் சார் ஆசை!

மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது.

"ஒண்ணரை லட்சம். வண்டி, ரிப்பேரு, பெயிண்ட்டு, பேப்பரு எல்லாம் அதுக்குள்ள. மொட்டை மாடி ஒழுகுதேன்னு ஓடு பதிக்க வெச்ச பணம் இது, ஞாபகம் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு ஹால்ல நீங்கதான் பக்கெட் வெச்சுக்கிட்டு உட்காரணும்."

ஒப்புக்கொண்டேன். அப்போது சித்திரை. ஐப்பசி ரொம்ப தூரத்தில் இருந்தது.

சரி, ஒண்ணரை லட்சத்துக்கு எந்த ஸ்போர்ட்ஸ் கார்? நம் நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி விற்ற வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1998-ல் கோவாவிலிருந்து சான் ஸ்டார்ம் என்று ஒன்று வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். ஃபைபர் உடம்பு, ரெனால்ட் எஞ்சின். இன்று ஒரு ஸ்டார்ம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்த பிறகு அதன் விளக்குக் கண்ணாடி உடைந்தால் துரதிர்ஷ்டம்! வெளிநாட்டுச் சமாசாரமெல்லாம் என் ஒண்ணரை லட்சத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அப்போதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் வந்தது.

சிரிக்காதீர்கள். உங்கள் தெரு டாக்டர் வைத்திருந்தாரே, அதே ஹெரால்டுதான். அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் கேளுங்கள். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்தது. உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. அதே ஹெரால்டு சேஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி மேலே வேறு சட்டை தைத்துப் போட்டதுதான் 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். பேர் வாங்கிய அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, ஹெரால்டு அதற்கு அண்ணன் முறை. ஒரே ரத்தம். அண்ணன் குமாஸ்தா வேலைக்குப் போனார், தம்பி சினிமாவுக்குப் போய்விட்டான்!

அண்ணனும் சும்மா இல்லை. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. என்ன, எஞ்சின் 948 சி.சி.தான். சுமார் 35 குதிரை. இப்போது அந்தக் குதிரைகளுக்கும் என்னைப் போலவே பென்ஷன் வயசு.

எனக்கு அதில் பிடித்தது வேகம் இல்லை, வசதி. மட்கார்டோடு சேர்த்து மொத்த பானெட்டும் முன்பக்கமாக மல்லாந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். குனிய வேண்டாம். என் முதுகுக்கென்றே மிக்கெலோட்டி வரைந்த மாதிரி இருந்தது.

பழைய வண்டி என்றால் சேலத்துக்காரன் கால் தானாக நாமக்கல் பக்கம் போகும். லாரிக்குப் பாடி கட்டுவதில் அந்த ஊருக்கு இந்தியா முழுக்கப் பெயர். ஒரு காலத்தில் பைபாஸில் நின்றால் வெறும் சேஸ் வரிசையாக வரும். கூரை இல்லை, கதவு இல்லை. பலகை மேல் டிரைவர், தலையில் உருமால், கண்ணில் கூலிங் கிளாஸ். யோசித்துப் பார்த்தால் நான் முதன்முதலில் பார்த்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்!

அந்தப் பாடி பட்டறை ஒன்றில் 40 வருஷம் வெல்டிங் பார்த்த மேஸ்திரி ஒருவர் எனக்குப் பழக்கம். வயது எழுபதுக்கு மேல். ஹெரால்டு என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அது லாரி மாதிரிங்க சார். அடியில சேஸு தனி, மேல பாடி தனி. போல்ட்டைக் கழட்டினா நாலு பேரு பாடியை அப்படியே தூக்கி வெச்சறலாம். மாட்டுக்குப் பல்லைப் பாக்கோணும், இதுக்கு வயித்தைப் பாக்கோணும். பெயிண்ட்டு ஆர்க்கு வேணும்?"

எனக்கு வேண்டும். அதுதான் பிரச்னை.

முதல் வண்டி சேலத்திலேயே, கொண்டலாம்பட்டி தாண்டி. பார்த்ததும் தொபுகடீர் என்று விழுந்துவிட்டேன். ரத்தச் சிவப்பு. கூரையை வெட்டி எடுத்து மொட்டை வண்டியாக்கி, பின்னால் இரண்டு சைலன்ஸர். 'ஸ்போர்ட்ஸ் மாடல் சார்' என்றார் விற்பவர். விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

மேஸ்திரி எதுவும் பேசவில்லை. பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். கதவுக்குக் கீழே வைத்தார். விழுந்தது. பக்கத்தில் வைத்தார். அங்கேயும் விழுந்தது. "தகரம் எங்கியோ போயிருச்சுங்க, பட்டிதான் நிக்குது" என்றவர், அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் சேஸின் பக்கக் கையைக் குத்தினார். வடைக்கு விரலால் ஓட்டை போடுகிற மாதிரி உள்ளே போயிற்று. கடைசியாக ஒரு ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கினார். கதவு 'டப்' என்று தானாகத் திறந்துகொண்டது!

"நடு முதுகு வளைஞ்சு போச்சுங்க. கதவுக்கு மேல இருக்கற சந்து அகலமா, கீழ ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, பாக்கலீங்களா?"

நான் சிவப்பைத்தானே பார்த்தேன்?

கூரை கதை இன்னும் மோசம். ஹெரால்டில் கூரையும் போல்ட் போட்டு மாட்டியதுதான். கழற்ற வேண்டியதை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். ஆர்.சி. புத்தகத்திலோ அது கூரை போட்ட சலூன். கம்பெனி கொடுத்த வடிவத்தை இப்படி இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு உண்மையைச் சொல்கிறேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ஆளுக்கு ரகசியமாக போன் போட்டு, "பத்தாயிரம் அட்வான்ஸ் தர்றேன், யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சிவப்பு அப்படி ஆட்டி வைத்தது.

காப்பாற்றியது என் சட்டைப் பை. மேஸ்திரி சேஸிலிருந்து உதிர்ந்ததை ஒரு பேப்பரில் மடித்து என்னிடம் தந்திருந்தார். மறுநாள் துவைக்க எடுத்த சம்சாரம் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, எந்தக் கோயில் பிரசாதம் இது, செங்கல் பொடியாட்டம்?" என்றாள்.

"அது... கார்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை மறுபடி மடித்து டி.வி. மேல் வைத்தாள். நான் அட்வான்ஸ் கொடுக்கப் போகவில்லை.

இரண்டாவது, ராசிபுரம் பக்கம் ஒரு கெஸல். ஹெரால்டையே கொஞ்சம் மாற்றி 1972-ல் விட்டது இது. 1977 வரை வந்தது. ஹெரால்டில் பின் சக்கரம் இரண்டும் தனித்தனியே மடங்கும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரம் உள்பக்கமாக மடிந்து, வண்டியின் வால் வீசும். கெஸலில் பின்னால் ஒரே முழு ஆக்ஸில், அந்தத் தொல்லை இல்லை. கொல்லிமலைக்கு இதுதான் என்று மனசு கணக்குப் போட்டது. வண்டியும் ஓடியது. மேஸ்திரி என்னைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் போய்க் கிராங்க் புல்லியையே பார்த்துக்கொண்டு நின்றார். மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னால் வந்து வந்து போயிற்றாம்.

"பொய்ப் பல்லு கட்டினவரு பேசறாப்புல இருக்குதுங்க. உள்ள த்ரஸ்ட் வாஷரு தேஞ்சு போச்சு. அது களண்டு கீழ விழுந்தா எஞ்சினையே தூக்கிப் போடோணும்."

எஞ்சினைக்கூடச் சமாளித்திருப்போம். பேப்பர்? ஆர்.சி.யில் இருந்தவர் காலமாகி, அவர் வாரிசும் காலமாகி, பேரன்கள் மூன்று பேரில் ஒருவர் துபாயில். ஆர்.சி. புதுப்பித்து இருபது வருஷத்துக்கு மேல். 2022 ஏப்ரலில் அமலான கட்டண விதிப்படி அப்போது கார் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய், தாமதத்துக்கு மாசம் 500 என்று போட்டிருந்தது. பழைய பேங்க்காரன் மனக்கணக்கு போட்டான். அத்தனை மாசத்துக்கும் கேட்டுவிட்டால் ஒரு லட்சத்து இருபதாயிரம்! கார் விலையே எழுபதுதான். தாத்தாவுக்கு மனசாரக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றாவது வண்டியைப் பற்றிச் சொன்னவர் ஒரு முட்டை லாரி டிரைவர். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில் ஒரு கோழிப் பண்ணை. பழைய கொட்டகைக்குள் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது. 1967 ஹெரால்டு, இரண்டு கதவு. வெளிறிப் போன கிரீம் கலர், மேலே விரல் கனத்துக்குத் தீவனத் தூசி. பின் சீட்டில் ஒரு நாட்டுக்கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து அது எழுந்திருக்கக்கூட இல்லை.

"எஞ்சின் சுத்தாதுங்ணா, சாமாகி நிக்குது" என்றார் பண்ணைக்காரர், சின்ன வயசு. "ஐயன் ஓட்டிக்கிட்டு இருந்தாருங்க. 2021 வரைக்கும் சந்தைக்கு இதுலதான். அவரு போனதுக்கப்பறம் ஆரும் எடுக்கலை."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சிவப்பு எங்கே, இது எங்கே! ஆனால் மேஸ்திரி அடியில் படுத்தவர் வெளியே வர நேரமாயிற்று. காந்தம் விழவில்லை. ஸ்க்ரூ டிரைவர் 'ணங்' என்றது. கதவுச் சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. அந்தப் பக்கத்து வறண்ட காற்று காப்பாற்றியிருக்கிறது.

டேஷ்போர்டு அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நீல மையில், குண்டு குண்டாக. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை. 'முன் சக்கர ட்ரன்னியன் - கியர் ஆயில் விட்டது' என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. இதில் ஒரு சூட்சுமம். ஹெரால்டின் முன் சக்கரம் திரும்புகிற இடத்தில் கிரீஸ் அடிக்கக் கூடாது, ஆயில்தான் விட வேண்டும். பல பேர் கிரீஸை அடித்துவிடுவார்கள், உள்ளே காய்ந்து தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடங்கி உட்கார்ந்துவிடும். இந்த மனுஷன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கடைசி வரி 2021 மாசியில்.

மேஸ்திரி நோட்டைப் படிக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "வாங்கிப் போடுங்க" என்றார்.

ஆர்.சி.யை மகன் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். புதுப்பித்ததில் இன்னும் கொஞ்ச காலம் உயிர் இருந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' என்று வின்டேஜ் நம்பர் வாங்கலாமே என்று யாரோ சொன்னார்கள். வாங்கலாம். ஆனால் கண்காட்சி, ஊர்வலம் என்று அதற்கெல்லாம்தான் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. எனக்குக் கொல்லிமலை வேண்டுமே! சாதாரண நம்பரே போதும்.

எண்பத்தஞ்சில் ஆரம்பித்து எழுபத்திரண்டாயிரத்தில் முடிந்தது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பண்ணைக்காரர், வண்டியை ஏற்றும்போது தயங்கினார்.

"ஏனுங்ணா... அந்த நோட்டை மட்டும் எனக்குக் குடுத்துருங்களே."

அவருக்கு எதிரில் நின்று என்ன சொல்ல முடியும்? நாமக்கல் போய் நாற்பது பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கோழி அடையிலிருந்து எழ இன்னும் ஆறு நாள் என்றார்கள். வண்டி வீடு வந்து சேர்ந்தது ஏழாவது நாள்.

பிளக்கைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் டீசலை ஊற்றி ஊறவைத்தோம். ஒரு வாரம் அசைவே இல்லை. இரண்டாவது ஞாயிறு, டாப் கியரில் போட்டு, பக்கத்து வீட்டுப் பையன்களோடு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டியபோது 'க்ளுக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சுற்றியது! தெருவே கைதட்டியது. சம்சாரம் மட்டும் மாடியைப் பார்த்தாள்.

இப்போது ஐப்பசி. பிரேக் சிலிண்டர் பிரித்தபடி கிடக்கிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் சில சாமான் கிடைத்தது. ஸ்பிட்ஃபயர் தம்பியின் புண்ணியத்தில் வேறு சில சாமான் இங்கிலாந்தில் இன்னும் புதுசாகவே செய்கிறார்கள், வரவழைக்க வேண்டும். கையில் பாக்கி முப்பத்தொன்றாயிரம் சொச்சம். போன வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. ஓடிப் போய்க் காருக்குப் புதுத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே உள்ளே வந்தால், ஹால் நடுவில் பக்கெட். சொட்டு, சொட்டு.

"கார் நனையலையே?" என்றாள் சம்சாரம்.

"இல்லை."

"தார்ப்பாய் எத்தனை அடி?"

"பதினெட்டுக்குப் பன்னண்டு."

"கார் பதிமூணு அடிதான். நான் அளந்துட்டேன்" என்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள்.