வரிக்கு முன்னால் ஒரு புள்ளி

பவர்பாயிண்டில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால், அடுத்த வரிக்கு முன்னால் ஒரு கரும்புள்ளி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்காமலே கிடைப்பதாலோ என்னவோ, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் எழுத்தைப் போலவே இந்தப் புல்லட்டுக்கும் உருவம், அளவு, நிறம் எல்லாம் உண்டு, எல்லாவற்றையும் மாற்றலாம்.

வரிகளைத் தேர்ந்தெடுத்து, 'ஹோம்' பட்டையில் புல்லட் பொத்தானை ஒட்டிய சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். கீழே 'புல்லட்ஸ் அண்ட் நம்பரிங்' இருக்கும். அங்கே அளவைச் சதவீதத்தில் கேட்கும். 100 என்றால் பக்கத்து எழுத்தின் அளவு. 75 என்று கொடுத்தால் புள்ளி அடங்கி, எழுத்து முன்னுக்கு வரும். நிறத்தைத் தனியே தரலாம். 'பிக்சர்' வழியாக ஒரு படத்தையே புள்ளியாக்கலாம்.

'கஸ்டமைஸ்' பொத்தானில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே கிடைக்கும் டிக், அம்பு, கட்டம் பலவும் விங்டிங்ஸ் எழுத்துருவைச் சேர்ந்தவை. அதில் சாதாரண எழுத்துகளின் இடத்தில்தான் படங்கள் வரையப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் டிக் மறைந்து, அடியில் இருக்கும் எழுத்து எட்டிப்பார்க்கும். பாமினி எழுத்துருவில் தமிழில் அடித்த கடிதம் வேறு கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்த அதே கதைதான். யூனிகோடில் வட்டப்புள்ளிக்கு 2022, டிக்குக்கு 2713 என்று சொந்த எண்களே உண்டு. அவற்றை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரே புள்ளிக்குள் அடுத்த வரி வேண்டுமானால் ஷிஃப்டோடு என்டர். வரியை ஒரு படி உள்ளே தள்ள டேப்; மேலே ஏற்ற ஷிஃப்டோடு டேப். இந்தப் படிகளின் தோற்றத்தை 'ஸ்லைடு மாஸ்டரில்' ஒருமுறை மாற்றிவிட்டால், அதைப் பின்பற்றும் ஸ்லைடுகள் எல்லாம் மாறிவிடும்.

படி என்பது வெறும் அலங்காரமில்லை. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. சேதத்தை மதிப்பிட்ட பொறியாளர்களின் ஸ்லைடு ஒன்றில், தலைப்பு நம்பிக்கையூட்டியது. சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதோ 1920 கன அங்குலம் என்ற செய்தி கடைசிப் புள்ளியாக, சிறிய எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று, திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஸ்லைடு அல்ல; இறக்கையில் விழுந்த ஓட்டை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடையும் எடுத்துப் பேசியது.

640 மடங்கு வித்தியாசத்தைச் சொன்ன வரி அது. அதை மேலே ஏற்ற இரண்டு விசைகள் போதும்.