நீரிழிவும் நாடித் துடிப்பும்

கொய்யாப் பெட்டிகளைத் தலைச்சுமையாக ஏற்றி இறக்கும் ஆயக்குடி விவசாயிக்கும், ஆண்டு முழுதும் தறியில் அமர்ந்திருந்துவிட்டுத் திருநாளில் பழனி மலையின் 693 படிகளையும் ஒரே மூச்சில் ஏற முற்படும் நெசவாளருக்கும் பொதுவானதொரு செய்தியை இங்குக் கூற விரும்புகிறேன். அவர்களுள் நீரிழிவு உடையோர் இதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்.

இருதயத்தை இருவகை நரம்புகள் ஆள்கின்றன. ஒன்று அதனை அடக்கி வைப்பது, மற்றொன்று முடுக்குவது. ஓய்வில் நாடி நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை துடிக்கும். கடும் உழைப்புத் தொடங்கியதும் அடக்கும் நரம்பு தளர்ந்து கொடுக்கும். பின்னர் முடுக்கும் நரம்பு வேலை செய்யும். துடிப்பின் உச்ச அளவை அறிய 220-லிருந்து வயதைக் கழிப்பது வழக்கம். ஐம்பது வயதினருக்கு அது ஏறத்தாழ 170. உழைப்பு நின்றதும் நாடி விரைந்து இறங்கும்.

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்கடங்காதிருப்பின் இந்நரம்புகள் பழுதடைகின்றன. பெரும்பாலும் முதலிற் கெடுவது அடக்கும் நரம்பே. அதனால் ஓய்விலும் நாடி விரைந்தோடும். பின்னர் முடுக்கும் நரம்பும் நலியும்போது, எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு வேண்டிய அளவு ஏறாது. தசைகளுக்குப் போதிய இரத்தம் செல்லாமையால் களைப்பும் தலைசுற்றலும் விரைவில் வரும்.

கொடுக்கல் வாங்கல் மிகுந்த நாளில் சங்கத்தின் ரொக்க இருப்பு சிறிதும் அசையாதிருந்தால், தணிக்கை செய்யும் நான் மகிழ்வதில்லை, ஐயுறுவேன். நாடியும் அவ்வாறே. "படியேறியும் படபடப்பில்லை, நெஞ்சு வலியில்லை" என்று இத்தகையோர் பெருமை கொள்ளலாகாது. இருதயத்திற்கு இரத்தம் குறைந்தாலும் வலியை உணர்த்தும் நரம்பு மரத்திருக்கக்கூடும். வலியின்றியே மாரடைப்பு வருவதும் உண்டு.

நாடியைப் பார்ப்பது எளிது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பாக்குக. காலையில் ஓய்விலேயே 100-க்கு மேல் இருப்பினும், கடும் உழைப்பை நிறுத்திய முதல் நிமிஷத்தில் 12 துடிப்பேனும் குறையாவிடினும் மருத்துவரிடம் கூறுக. இவை குறிகளே, முடிவு மருத்துவருடையது. இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும் நாடியைத் தாழ்த்தும். சர்க்கரை இறங்குகையில் தோன்றும் படபடப்பையும் மறைக்கும். ஆயினும் அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

இதனால் உழைப்பையே கைவிட வேண்டுமென்பதில்லை. நாள்தோறும் மிதமாக நடப்பது நீரிழிவுக்கு நன்மருந்து. திடீரெனக் கடுமையாக உழைப்பதே தவறு. பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக மிகுதிப்படுத்துக. மலையேறுவோர் இடையிடையே அமர்ந்து செல்க. இன்சுலின் போடுவோர் சர்க்கரையோ வெல்லமோ உடன் வைத்திருத்தல் நலம்.

2021-ஆம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் நீரிழிவு மருந்து இல்லந்தேடி வருகிறது. மருந்து வந்ததோடு அமையாமல், ஆரம்ப சுகாதார நிலையம் சென்று இருதயத்தையும் சோதித்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன்.