மோப்ப நாய் கற்பிக்கும் பாடம்

சென்னைக் காவல்துறையில் 1951-ஆம் ஆண்டில் துப்பறியும் நாய்ப்படை அமைக்கப்பெற்றது. அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டிகளில் இத்தகைய நாய்கள் தம் மோப்பத் திறனைக் காட்டுகின்றன.

இதற்குப் பயிற்சி எங்ஙனம்? ஒத்த பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றில் மட்டும் மணப்பொருளை மறைப்பர். நாய் கண்டறிந்து அமர்ந்ததும் பரிசளிப்பர். பயிற்றுநர் அப்பெட்டியை முன்னரே அறிந்திருப்பின், அவரையறியாமல் நடை தளரும், பார்வை நிலைக்கும். நாயோ மணத்தை விடுத்து, அவர் குறிப்பறிந்து அமர்ந்துவிடும். எனவே, வேறொருவரே மறைத்து வைப்பார். சில வேளை எல்லாப் பெட்டிகளும் வெறுமையாயிருக்கும். 'இல்லை' என்பதும் விடையே. அதைக் கல்லாத நாய் குற்றமற்றவரையும் சுட்டிவிடக்கூடும்.

விராலிமலையில் நான் கற்பித்த நாட்களில், மாணவன் விடை சொல்லத் தொடங்குமுன்னரே தலையசைப்பேன். தேர்வுக் கூடத்தில் என் முகம் இல்லை, அவன் தடுமாறினான். பிழை அவனுடையதன்று.