நெஞ்சு நோவும் ஸ்டீரொயிட் குளிசையும்

நெஞ்சு நோகிறதென்று வீட்டில் ஒருவர் சொன்னதும், "வாய்வாக இருக்கும், ஓமத் தண்ணீர் குடியுங்கள்" என்று மறுமொழி வருவது நம் குடும்பங்களில் வழக்கம். பல வேளைகளில் அம்மறுமொழி சரியாகவும் அமைந்துவிடுகின்றது. ஆனால், நோவைச் சொன்னவர் மூட்டுவாதத்துக்கோ லூப்பஸ் என்னும் வியாதிக்கோ நெடுநாளாக ஸ்டீரொயிட் குளிசை உட்கொண்டு வருபவராயின், ஓமத் தண்ணீரோடு அவ்விடயத்தை முடித்துவிடலாகாது.

இம்மருந்தின் கதை சுவையானது. அமெரிக்காவின் றொச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ வைத்தியநிலையத்தில், 1948ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்கு, பின்னர் 'கோட்டிசோன்' என்று பெயர்பெற்ற பொருளை பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர் ஊசிமூலம் ஏற்றுவித்தார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். கடைவீதிக்கும் போய் வந்தார். 1950இல் ஹென்சுக்கும், அவருடன் உழைத்த கென்டலுக்கும், சுவிற்சர்லாந்தின் இரசாயன அறிஞர் ரைக்ஸ்ரைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் பிரெட்னிசொலோன் அக்குடும்பத்தின் இளைய பிள்ளையே. உருண்டு வீங்கும் முகம், ஏறும் இரத்த அழுத்தம், கூடும் சீனி, தேயும் எலும்பு ஆகியவை இம்மருந்தோடு வரக்கூடிய தொல்லைகள் என்பதையும் உலகம் விரைவிலேயே கண்டுகொண்டது.

அழற்சி நோய்களில் உடலின் காவற்படையே உடலைத் தாக்குகின்றது. அத்தாக்குதல் மூட்டோடு நின்றுவிடுவதில்லை. இருதயத்தைப் போர்த்தியிருக்கும் உறையும் சுவாசப்பையின் மேற்சவ்வும் அதற்கு இலக்காகலாம். உறை அழன்றால் மல்லாந்து படுக்கும்போது நோவு மிகும். முன்புறம் சாய்ந்து இருந்தால் சற்றுத் தணியும். சவ்வு அழன்றாலோ ஒவ்வொரு மூச்சும் கத்தியாற் குத்துவது போலிருக்கும். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடம் அழன்று நோவதுமுண்டு. அவ்விடத்தை விரலால் அழுத்தினால் "ஆ" என்பார்கள். இது பெரும்பாலும் ஆபத்தற்றது. எனினும், அழுத்தினால் நோகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இருதயத்தில் ஒன்றுமில்லை என நாமே தீர்ப்பளிப்பது பொருந்தாது.

இருதயத்தின் கதைதான் நம் கவனத்தைப் பெரிதும் வேண்டுவது. நெடுநாள் அழற்சி இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகின்றது. முடக்குவாத நோயாளருக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களிலும் ஏறத்தாழ 1.5 மடங்கு என்று கணக்கிடுகிறார்கள். லூப்பஸ் உள்ள பெண்களுக்கோ மாரடைப்பு இளவயதிலேயே வரக்கூடும். "இந்த வயதில் இருதய நோயா?" என்று சிரித்து ஒதுக்கும் பெரியவர்கள் இதை அறிந்திருத்தல் வேண்டும். பெண்களுக்கு நோவு அதிகமின்றி மூச்சிளைப்பு, குமட்டல், சொல்லொணாக் களைப்பு என மட்டுமே அது தோன்றுவதும் உண்டு. சுவாசப்பைக் குழாயில் இரத்தக் கட்டி அடைப்பதும் இவர்களிடையே அரிதன்று. திடீர் மூச்சுத்திணறலும் ஒரு காலில் வீக்கமும் அதனைக் குறிக்கலாம்.

மருந்தும் தன் பங்குக்கு நெஞ்சை நோகச் செய்யும். நோமாத்திரைகளோடு சேர்த்து உட்கொள்ளும்போது குடற்புண் எளிதில் உண்டாகும். தேய்ந்த முதுகெலும்பு நொறுங்கினால் நோவு விலாவைச் சுற்றி முன்னே வரும். இவற்றிலும் சூழ்ச்சியானது வேறொன்று: ஸ்டீரொயிட் காய்ச்சலையும் வலியையும் அடக்கி வைக்கும். வயிற்றில் புண் ஓட்டையாகியும், நெஞ்சில் கிருமி குடிகொண்டும், நோயாளி ஓரளவு நலமாகவே தோன்றக்கூடும். ஆகவே "காய்ச்சல் இல்லையே" என்ற ஆறுதல் இங்கு செல்லாது.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து, குளிசையை அன்றே நிறுத்திவிடுவோரும் உளர். அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. சில வாரங்களுக்கு மேல் ஸ்டீரொயிட் எடுத்தால், சிறுநீரகத்தின் மேலமர்ந்து அதே பொருளைச் சுரக்கும் சுரப்பிகள் உறங்கிவிடும். குளிசை சட்டென நின்றால் உடலில் அப்பொருளே இராது. வாந்தி, தலைச்சுற்று, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று தொடர்ந்து உயிருக்கே கேடு விளையலாம். வாந்தியினால் குளிசை வயிற்றில் தங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று ஊசியாக ஏற்றுவித்தல் வேண்டும். குறைப்பதாயின் வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார்.

நெஞ்சை இறுக்குவது போன்ற நோவு, கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை, மூச்சுமுட்டல் இவற்றில் எது கண்டாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. ஒருமுறை நன்றாயிருந்தும் இரத்தம் சோதிக்கக் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். ஸ்டீரொயிட் எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாக உட்கொண்ட நேரம் இவற்றை ஒரு சிறு சீட்டில் எழுதி வைத்தல் நன்று. அச்சீட்டு எங்கே இருக்கிறதென்பது நோயாளியைத் தவிர வீட்டில் இன்னுமொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.