வரிகளை எழுதுங்கள், படம் தானே வரும்

உணவங்காடியில் தோசைக்குப் பணம் செலுத்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறீர்கள். கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது; கடைக்காரருக்கோ தகவல் வரவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது. மறுபடியும் செலுத்துவதா, காத்திருப்பதா?

இத்தகைய சிக்கலை, மென்பொருளை எழுதும் முன்பே கண்டறிய உதவுவது ‘சீக்வன்ஸ் டயகிராம்’ எனும் நிகழ்வு வரிசைப் படம். செயலி, வங்கி, கடை என ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். எந்தத் தகவல் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பதை அம்புக்குறிகள் மேலிருந்து கீழாக வரிசைப்படி காட்டும்.

இதைக் கையால் வரைவது பெரும்பாடு. நடுவில் ஒரு படி கூடினால், அதன் கீழுள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டும். அதற்குச் சோம்பிப்போய், நிரல் மாறினாலும் படத்தைப் பழையபடியே விட்டுவிடுவோர் உண்டு. அதை நம்பி வேலையைத் தொடங்கும் புதியவர்தான் திண்டாடுவார்.

2009ல் வெளிவந்த பிளான்ட்யூஎம்எல், 2014ல் வந்த மெர்மெய்ட் ஆகிய இலவசக் கருவிகள் இந்தத் தலைவலியைக் குறைத்தன. மெர்மெய்டில் முதல் வரியில் படத்தின் வகையைக் குறிப்பிட்டுவிட்டு, இப்படி எழுதினால் போதும்:

செயலி->>வங்கி: 5 வெள்ளி செலுத்து
வங்கி-->>செயலி: பணம் கழிந்தது
வங்கி->>கடை: பணம் வந்தது

மூன்று வரிகள், மூன்று அம்புகள். இரட்டைக் கோடு இட்ட இரண்டாவது வரி, பதிலைக் குறிக்கும் புள்ளிக்கோட்டு அம்பாகும். புதிய படி வேண்டுமா? ஒரு வரியைச் சேருங்கள். மற்றவை தாமே நகர்ந்து இடம்விடும். வெறும் எழுத்து என்பதால் நிரலுடனேயே சேமிக்கலாம். எந்த வரி எப்போது மாறியது என்பதும் தெரியும். 2022 முதல் கிட்ஹப் தளமும் மெர்மெய்ட் வரிகளைப் படமாகவே காட்டுகிறது.

ஆனால், நீங்கள் எழுதியதை மட்டுமே கருவி வரையும். “மூன்றாவது அம்பு கடைக்குப் போய்ச் சேராவிட்டால்?” என்று அது கேட்காது; நீங்கள்தான் கேட்க வேண்டும். ‘ஆல்ட்’, ‘எல்ஸ்’ எனும் கட்டளைகளால் தகவல் சேர்ந்தால் ஒரு வழி, சேராவிட்டால் மறுவழி எனப் பிரித்து எழுதலாம்.

அப்படி எழுதும்போதுதான் தீர்வும் தென்படும். ஒவ்வொரு கட்டணத்திற்கும் தனி எண் கொடுத்துவிட்டால், அதே எண் மறுபடி வரும்போது வங்கி இரண்டாம் முறை பணத்தைக் கழிக்காது. கடைக்கான தகவலை மட்டும் மீண்டும் அனுப்பும்படி செய்யலாம்.

அடுத்த திட்டத்தில் நிரலைத் தொடங்கும் முன் பத்து வரிகள் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு அம்பிலும் “பதில் வராவிட்டால்?” என்று கேளுங்கள். தோசைக்கடை வரிசையில் நிற்பவர் அந்தக் கேள்வியைக் கேட்க நேராது.